நாலாவது இடத்தில் நின்ற சூடு

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஐப்பசியில் ஒரு வாரம் விடாமல் தூறிக்கொண்டிருந்த சமயம், தங்கச் சுரங்கத்து ஊரான சாம்பியன் ரீப்ஸில், தொழிலாளர்களுக்குக் கட்டிய எங்கள் லைன் வீட்டு முன்னறையில் நடந்தது இது. நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். எழுதிப் பழக்கம் இல்லை. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறந்தும் பழக்கம் இல்லை. என் மருமகள்தான் விடவில்லை. "நீங்களே எழுதுங்க அத்தே. நான் எழுதினா என் தப்ப நானே சின்னதா காட்டிக்குவேன்" என்று சொல்லி நோட்டும் பேனாவும் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

அவளுக்குப் பூதிகோட்டை பக்கம். பிறந்த வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் கன்னடம், எங்களோடு தமிழ். பெங்களூரில் ஒரு சின்னக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. அவளும் என் மகனும் விடியற்காலை ரயிலில் ஒன்றாகத்தான் போவார்கள். அவளுக்கு ஏழாம் மாதம் பிறந்ததும், ரயில் நெரிசலில் இடிபட வேண்டாம், வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து பகல் பூராவும் வீட்டில் நாங்கள் இருவர்தான்.

மழை பிடித்துக்கொண்டால் எங்கள் ஊரில், சுரங்கத்துக் கழிவு மண் குவிந்த சயனைட் மேடு பாதிக்குமேல் தெரியாது. எது மேடு, எது மேகம் என்று பிரிக்க முடியாமல் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். அந்த வாரம் எனக்கு நாள் கிழமைகூட அப்படித்தான் கரைந்து கிடந்தது. காலையில் சோற்றை வடித்துவிட்டு, அவள் மேசைக்குப் பக்கத்தில் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்துவிடுவேன். வெளியே தகரத்தின்மேல் மழை. உள்ளே அவளுடைய கம்ப்யூட்டரில் கறுப்புத் திரையில் வெள்ளை வெள்ளையாக வரிகள். ஒரு விநாடிக்கு ஒரு வரி கீழே வரும், பழையது மேலே போய் மறையும். பார்த்துக்கொண்டே இருந்தால் கண் சொக்கும்.

"இன்னாம்மா அது, நிக்காம ஓடிக்கினே கீது?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"கெர்னல் பேசுது அத்தே."

"அது யாரு?"

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். "நாம மேல பாக்குற படம், பாட்டு எல்லாம் சர்பேஸ். கெர்னல்னா அண்டர்கிரவுண்டு. எல்லாத்துக்கும் அடியில வேல செஞ்சிட்டே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கீழ இன்னா நடக்குதுன்னு தெரியணும்னா, அப்பப்ப ஒரு வரி மேல அனுப்புன்னு நாமதான் எழுதி வெக்கணும். இது நான் எழுதின வரி."

சுரங்கத்தில் இறங்கிப் போனவர்களுக்காக மேலே காத்திருந்தே பாதி வயசைக் கழித்தவள் நான். அதனால் அவள் சொன்னது சட்டென்று மனசில் உட்கார்ந்துவிட்டது. கீழேயிருந்து யாரோ வரி வரியாகத் தகவல் சொல்லி அனுப்புகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே பார்ப்பேன்.

கம்ப்யூட்டரோடு வயர் போட்டு ஒரு பச்சைப் பலகை வைத்திருந்தாள். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். கிராமத்து ஆஸ்பத்திரிகளில் ரத்தம் வைக்கிற குளிர்பெட்டிக்குள் அது இருக்குமாம். பெட்டிக்குள் எவ்வளவு சூடு, கதவை எத்தனை தரம் திறந்தார்கள், பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று அது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டுமாம். பலகையிலிருந்து நீட்டிய ஒரு வயரின் முனையில் அரிசி மணி அளவுக்குக் கறுப்பாக ஒன்று இருந்தது. சூடு பார்ப்பது அதுதான். கதவுக்குப் பதிலாக ஒரு காந்தத் துண்டை எடுத்து எடுத்து வைத்துப் பார்ப்பாள்.

திரையில் இருந்த இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. எண் தெரியும். ஒரு வரிக்கு ஐந்து எண். முதலாவது எப்போதும் ஒன்று. இரண்டாவது பெரிதாக நீண்டு, நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். மூன்றாவது பூஜ்யம். நாலாவது இருபத்துநாலு. ஐந்தாவது ஒன்று, இரண்டு என்று சின்னதாக இருக்கும்.

திங்கட்கிழமை அவளுக்கு டீ போட்டு மேசையில் வைத்தேன். டம்ளர் அந்த அரிசி மணியை ஒட்டினாற்போல் இருந்தது. நாலாவது எண் இருபத்தாறு, இருபத்தொன்பது, முப்பத்துமூன்று என்று ஏறியது. அவள் டம்ளரை எடுத்துக் குடிக்கத் தொடங்கியதும் மெல்ல இறங்கியது. காந்தத்தை எடுத்து வைத்தால் ஐந்தாவது எண்ணில் ஒன்று கூடியது. எனக்கு அது ஒரு விளையாட்டு மாதிரி இருந்தது. யாருக்கும் தெரியாமல் நான் மட்டும் விளையாடுகிற விளையாட்டு.

பலகை தப்பாகக் காட்டுகிறது என்று அவள் சொல்லியிருந்ததால், புதன்கிழமை காலை அந்தப் பலகைகளைச் செய்கிறவர் பெங்களூரிலிருந்து ரயிலில் வந்தார். ஐம்பது வயசுக்குமேல் இருக்கும். கனமான கண்ணாடி போட்டிருந்தார். நனைந்த சட்டை. ஆனால் மடியில் துண்டு சுற்றி வைத்திருந்த இரண்டாவது பலகையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்கண்ணா" என்றாள் மருமகள்.

"காலெல்லாம் சேறு மேடம்."

"கே.ஜி.எப்.ல சேறு இல்லாத காலு ஏது? வாங்க."

பழைய பலகையைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினார்கள். வரிகள் ஓடின. அவள் முகம் வாடியது. "அதே மாதிரிதாண்ணா கீது" என்றாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பழைய பலகையைத் துண்டில் சுற்றிக்கொண்டு மத்தியான ரயிலுக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

பிறகு அவளுடைய மேலதிகாரி போன் செய்தார். கன்னடத்தில் பேசினார்கள். கன்னடம் எனக்குப் புரியும். சூடு எப்போது பார்த்தாலும் பூஜ்யம் காட்டுகிறது, கதவு இருபத்துநாலு என்கிறது, பேட்டரி மூன்று என்கிறது, பலகை செய்கிறவர் வயர்களை மாற்றி வைத்துவிட்டார் போலிருக்கிறது, என் நிரல் என் கம்ப்யூட்டரில் சரியாகத்தான் ஓடுகிறது, அந்தப் பலகையில் போட்டால்தான் தப்பாக வருகிறது என்று அவள் சொன்னாள். அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டதோ என்னவோ, வெள்ளிக்கிழமை கொண்டுவரும் மூன்றாவது பலகையும் இப்படியே வந்தால் எழுத்தில் ஒரு மெயில் போட்டுவிடு, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்தப் பக்கத்துக் குரல் சொன்னது.

அவள் போனை வைத்தாள். "பாவம் அத்தே, நல்ல மனுசரு" என்று மட்டும் சொன்னாள்.

எனக்கு உள்ளே எதுவோ இடறியது. சூடு பூஜ்யமா? சூடுதான் ஏறி இறங்கியதே. டீ டம்ளர் வைத்தபோது நான் பார்த்தேனே. மூன்றாவது இடத்தில் இல்லை, அதுதான் வித்தியாசம். நாலாவது இடத்தில் இருந்தது.

அப்படியே கட்டிலில் சாய்ந்தேன். மழைச் சத்தத்தில் கண் செருகிவிட்டது. தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. திரையில் இருந்த எண்களெல்லாம் ஆட்களாகி ஒரு கேட்டுக்கு முன்னால் வரிசையாக நிற்கிற மாதிரி தெரிந்தது. அந்தக் கேட் எனக்குத் தெரிந்த கேட்தான்.

சுரங்கம் மூடிய பிறகு, எங்கள் லைனிலிருந்து ஒன்பது பேர் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார்கள். அவர்களுக்கு மத்தியானச் சாப்பாட்டுக் கூடை தூக்கிக்கொண்டு போனவள் நான். கேரியரில் பேர் எழுதுகிற பழக்கமெல்லாம் கிடையாது. லைனில் வீடு எந்த வரிசையில் இருக்கிறதோ, அந்த வரிசையில் கூடையில் அடுக்குவேன். கேட்டில் ஆட்களும் அதே வரிசையில் நிற்பார்கள். அவர்களும் பார்க்க மாட்டார்கள், நானும் பார்க்க மாட்டேன். கை நீளும், கேரியர் போகும். மூன்றாவது வீட்டு மேஸ்திரிக்கு மட்டும் இரண்டு உருப்படி. கேரியரில் குழம்பு, தனியாக ஒரு தூக்கில் களி.

ஒரு தரம் எனக்குக் காய்ச்சல். என் ஓரகத்தியை அனுப்பினேன். வரிசையைச் சொன்னேன். "ஆளுக்கு ஒண்ணு எடுத்துக் குடுத்துக்கினே போ" என்றும் சொன்னேன். மேஸ்திரிக்கு இரண்டு என்று சொல்ல மறந்துவிட்டேன். மேஸ்திரி கையில் கேரியர் மட்டும் போனது. அடுத்தவர் கையில் மேஸ்திரியின் களி. அவருக்கு அடுத்தவர் கையில் அவருடைய கேரியர். அப்படியே கடைசிவரைக்கும் ஒவ்வொருவருக்கும் முந்தின வீட்டுச் சாப்பாடு. மாலை போட்டு விரதம் இருந்தவர் மூடியைத் திறந்தால் கருவாட்டுக் குழம்பு. கூடையில் ஒரு கேரியர் மிச்சம். ஓரகத்தி ஒரு தப்பும் செய்யவில்லை. சொன்னபடிதான் கொடுத்தாள். சொன்னவள் நான். ஆனால் அன்றைக்குக் கேட்டில் நின்று திட்டு வாங்கியவள் அவள்தான்.

கண்ணைத் திறந்தேன். திரையில் வரி ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று, நீளமான ஓர் எண், பூஜ்யம், இருபத்துநாலு, மூன்று. யாரும் மாறவில்லை, எல்லாரும் ஓர் இடம் தள்ளி நிற்கிறார்கள் என்று தோன்றியது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஏன் என்று கேட்டால் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. இத்தனை படித்த பெண்ணுக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். கம்ப்யூட்டர் வேலையில் போய்க் கேரியர் கதை பேசினால் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, வெட்கம் வரும். வியாழக்கிழமை இரண்டு தரம் எழுந்து அவள் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஒரு தரம், "டீ போடட்டுமா?" என்று கேட்டேன். இன்னொரு தரம், "ஜன்னல சாத்தட்டுமா?" என்று கேட்டேன். "இன்னா அத்தே, இன்னிக்கு ரொம்ப உபசாரம்!" என்றாள் அவள். திரும்பி வந்து படுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அவர் மூன்றாவது பலகையோடு வந்தார். இந்தத் தரம் வாசலில் தயங்கவில்லை. நேராக உள்ளே வந்து, அவரே மாட்டினார். கை நடுங்கவில்லை. நான் பார்த்தேன். ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரி நிதானமாக மாட்டினார்.

வரி ஓடியது. மூன்றாவது இடத்தில் பூஜ்யம்.

"மேடம், ஒவ்வொரு வயரா மீட்டர் வெச்சுப் பாத்தேன். மூணு தரம் பாத்தேன்" என்றார்.

"நான் உங்கள தப்பு சொல்லலண்ணா. ஸ்கிரீன் சொல்லுது."

"பதினெட்டு வருசமா சால்டரிங் புடிக்கிற கை மேடம். வேற வேல தெரியாது." சண்டை போடுகிற குரல் இல்லை. தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற குரல்.

அவள் மெயில் எழுதுகிற பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். அவரைச் சாப்பிட உட்காரச் சொன்னாள். நான் இலை போட்டுச் சோறு வைத்தேன். சாம்பார் ஊற்றினேன். "போதும்மா" என்று தலை குனிந்தபடியே சொன்னார். அந்தப் பக்கம் அவள் விரல்கள் தட்டுகிற சத்தம் கேட்டது.

அடுப்படிக்குப் போனேன். வாயால் சொல்ல வேண்டாம், காட்டிவிடலாம் என்று தோன்றியது. கொதித்துக்கொண்டிருந்த ரசத்தை ஒரு டம்ளரில் மொண்டு, புடவைத் தலைப்பால் பிடித்துக்கொண்டு வந்து, அந்த அரிசி மணிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அய்யோ அத்தே, போர்டு மேல கொட்டிறப் போவுது!"

"கொட்டாது. நாலாவத பாரும்மா."

"எது?"

"நாலாவது எண்ண பாரு."

இருபத்துநாலு இருபத்தெட்டு ஆனது. முப்பத்தைந்து ஆனது. நாற்பதைத் தாண்டியது. நான் டம்ளரை நகர்த்தினேன். இறங்கியது.

"சூடு வருதும்மா. அவரு வயர மாத்தி வெக்கல. எல்லாரும் ஒரு எடம் தள்ளி நிக்கிறாங்க. முன்னால யாருக்கோ ரெண்டு குடுக்கணும், நீ ஒண்ணுதான் குடுக்கச் சொல்லிக்கீறே."

அவள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். மெயிலை மூடிவிட்டுத் தான் எழுதிய நிரலைத் திறந்தாள். அந்த ஒரு வரியை விரல் வைத்துப் படித்தாள். இரண்டாவது இடத்துக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"அய்யோ தேவுடா" என்று இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

பிறகு எங்கள் இருவருக்கும் சேர்த்துச் சொன்னாள். ஒரு வரியில் எண் வர வேண்டிய இடத்தில் எல்லாம் ஒரு சதவீதக் குறியும் அதற்குப் பின்னால் ஓர் எழுத்தும் போட்டு வைக்க வேண்டுமாம். வரப்போவது சின்ன எண்ணா, பெரிய எண்ணா, பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடியதா என்பதற்குத் தக்கபடி எழுத்து மாறுமாம். இரண்டாவது எண் நேரம். அது பெரிய எண், அந்தச் சின்னப் பலகையில் இரண்டு இடத்தை அடைத்துக்கொள்ளும். அவள் அதற்குச் சின்ன எண்ணுக்கான குறியைப் போட்டுவிட்டாள். பலகை சொன்னபடி பாதியை மட்டும் எடுத்தது. மீதிப் பாதி இன்னும் நிரம்பாமல் பூஜ்யமாக இருந்தது. அது சூட்டின் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. சூடு கதவின் இடத்துக்குப் போனது, கதவு பேட்டரியின் இடத்துக்குப் போனது. பேட்டரி கடைசியில் வெளியே வராமலே நின்றுவிட்டது. அவளுடைய பெரிய கம்ப்யூட்டரில் எந்த எண்ணாக இருந்தாலும் ஓர் இடத்துக்குள் அடங்கிவிடுமாம். அதனால்தான் அங்கே தப்பு தெரியவில்லை.

"மெஷினு முன்கூட்டியே சொல்லாதா மேடம்?" என்று அவர் சாப்பாட்டுக் கையோடு எழுந்து வந்து கேட்டார்.

"சொல்லிச்சுண்ணா. மஞ்ச எழுத்துல சொல்லிச்சு. அந்த மாதிரி நூறு வரி வரும். படிக்காம தள்ளிட்டேன்."

அந்த எழுத்தை மாற்றினாள். பத்து நிமிஷத்தில் வரி மறுபடியும் ஓடியது. மூன்றாவது இடத்தில் இருபத்தைந்து. நாலாவதில் நாலு. ஐந்தாவதில் எண்பத்தேழு. மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். வெளியே மழை தூறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் எனக்கு எல்லாம் கழுவித் துடைத்த மாதிரி தெளிவாகத் தெரிந்தது.

அவள் அங்கேயே போனை எடுத்தாள். அவரை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு, சத்தமாகக் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு, தப்பு தன்னுடையது, பலகைகள் மூன்றும் சரியாக இருக்கின்றன என்று சொன்னாள். சரி, அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

"பேசறது இருக்கட்டும் மேடம். என் கை நடுங்கலேன்னு ஒரு மெயில் போட்டுக் குடுங்க. எங்க வீட்டம்மாவுக்குக் காட்டணும். உங்க ஆபீசுலருந்து போன் போட்டு, கை நடுங்குதான்னு கேட்டாங்க. அதுலருந்து ரெண்டு நாளா காப்பி டம்ளரக்கூட அவங்களே புடிச்சுக் குடிக்க வெக்கிறாங்க" என்றார் அவர். அவள் அழுகையும் சிரிப்புமாக அந்த மெயிலையும் எழுதினாள்.

அன்று மத்தியானம் பூராவும் அவள் தன் வரிகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தாள். இன்னொரு தப்பும் அகப்பட்டது. வேறொரு வரியில் சூட்டுக்கே குறி மாறியிருந்தது. பெட்டி உறைநிலைக்கு ஒரு டிகிரி கீழே போனால், மைனஸ் ஒன்று என்று காட்டுவதற்குப் பதிலாக நானூற்று இருபத்தொன்பது கோடி என்று காட்டியிருக்குமாம். "ரத்தம் உறைஞ்சா வீணாப் போயிடும் அத்தே. இத யாரு நம்புவாங்க? மெஷினு கெட்டுப்போச்சுன்னு விட்டுடுவாங்க" என்றாள். அவள் குரல் இறங்கியிருந்தது.

ராத்திரி வந்த என் மகன், "இன்னாம்மா, கெர்னலுக்கே ரிப்பேர் பண்ணிட்டியாமே" என்று கிண்டல் செய்தான். ரிப்பேர் செய்தது அவள். நான் பார்த்தவள், அவ்வளவுதான். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் எனக்கு மறக்க முடியாமல் இருப்பது ரசம் டம்ளர் இல்லை. அவர் கிளம்பும்போது நடந்ததுதான். செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவரிடம் போய், "எனக்குப் புதன்கிழமையே தெரிஞ்சிதுங்க. சொல்லத் தெரியாம கம்முனு இருந்துட்டேன்" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ரெண்டு ராத்திரி தூங்கலம்மா" என்றார். அவ்வளவுதான். பிறகு அவரே சிரித்துவிட்டு, "பரவால்ல விடுங்க. அப்பவே சொல்லி இருந்தீங்கன்னா இந்தச் சாம்பாரு எனக்குக் கெடச்சிருக்காது" என்று சொல்லி, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார். நாலு வீடு தாண்டுவதற்குள் தூறலில் மங்கிப்போனார்.

அதற்குப் பிறகும் நான் பெரிய பேச்சுக்காரி ஆகிவிடவில்லை. கூட்டத்தில் இன்னமும் எனக்குக் குரல் எழும்பாது. ஆனால் ஆஸ்பத்திரி வரிசையில் யாருடைய சீட்டாவது மாறிப் போகிறது என்று கண்ணில் பட்டால், எனக்கென்ன தெரியும் என்று திரும்பிக்கொள்வதில்லை. நான் நினைத்தது தப்பாக இருந்தாலும் இருக்கட்டும் என்று பக்கத்தில் போய்ச் சொல்லிவிடுகிறேன். அந்த நாள்வரை அடக்கம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது, அந்த இரண்டு நாள் இன்னொரு மனுஷருடைய தூக்கத்தைத் தின்றுகொண்டிருந்தது என்பதை அவர் மன்னித்துவிட்டார். நான்தான் இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்காமல் இருப்பதே எனக்கு நல்லது என்றும் நினைக்கிறேன்.